எங்கெல்லாம் ஓடலாம்

கப்பலூர் மில்லில் சம்பளப் பட்டியல் ஓடும் இரவு.
டோல்கேட்டில் லாரிகள்
ஏர் பிரேக்கை விட்டுப் பெருமூச்செறிகின்றன.
ஏ.சி. சொட்டும் தண்ணீருக்குக் கீழே
தன் சாப்பாட்டுத் தூக்கையே வைத்திருக்கிறார்
ஆபரேட்டர் ஜெகஜோதி.

இரண்டு பதினேழுக்கு வேலை நின்றது.
கோன் வைண்டிங்கில் யாரோ ஒருவருக்கு
இந்த மாதம் வருகை முப்பத்திரண்டு நாள்.
பச்சை எழுத்தில் ஒரு கேள்வி,
ஒற்றை எழுத்தில் பதில் கேட்டு நிற்கிறது:
விடவா, நிறுத்தவா, மறுபடி பார்க்கவா.

பிழை வந்தால் வரட்டும், நீ பாட்டுக்குப் போ
என்று சொல்ல ஓர் ஆணை உண்டு. மான்மெசேஜ்.
தூக்கக் கலக்கத்தில்
அதைக் கட்டளை வரியில் அடித்துவிட்டேன்.
இந்த ஆணைக்கு இந்தச் சூழலில் அனுமதியில்லை.

பதினெட்டு வருஷம். தெரியாதா எனக்கு?
மன்னிப்பை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்,
நிரலுக்குள், தவறக்கூடிய வரிக்கு அடுத்த வரியில்.
நடந்து முடிந்தபின்
வெளியிலிருந்து கத்தினால் ஏறாது.

பார்த்தால் தெரியாது.
மூன்றெழுத்தில் ஒரு வினை, மூன்றெழுத்தில் ஒரு பெயர்,
உள்ளே மட்டும் வாழ்வதும்
வெளியே நின்று ஓடுவதும்
ஒரே முகஜாடை.
“அதுகிட்டயே கேளும்மா” என்கிறார் ஜெகஜோதி
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.
கேட்டால் சொல்லும்தான்.
ஒவ்வோர் ஆணையும் தன் விவரத்தில் ஒரு வரி வைத்திருக்கிறது:
எங்கே ஓடலாம்.

டி.சி.எல்., இதற்கு இன்ன பெயர், இத்தனை இடம் என்று
அறிவிப்பது. உள்ளே மட்டும்.
‘எனில்’ என்று தொடங்குவது. உள்ளே மட்டும்.
வெறும் வரியில் வந்து எனில் என்றால்
எது எனில்?
அந்த இடத்துக்குப் போ என்பதும் அப்படியே.
அந்த இடம் உள்ளேதானே இருக்கிறது.

தூது போகிறவையும் உண்டு.
ஆணையைச் சரமாகக் கோத்து
வேறொரு நிரலின் கையில் கொடுத்தால்
அது போய் நிறைவேற்றிவிடும்.
அறிவிப்பை அப்படி அனுப்ப முடியாது.
அறிவிக்கிறவர் அங்கே இருக்க வேண்டும்.

மஹால் ஐந்தாவது தெருவில்
பங்கு பிரித்த வீடு, நடுவில் ஹாலோ பிளாக் சுவர்.
அந்தப் பக்கம் என் தம்பி பத்மநாபன்.
பேசி இரண்டு தீபாவளி ஆயிற்று.
வாசல்படிக்கு உள்ளே எங்களுக்குச் சௌராஷ்டிரம்,
தாண்டினால் தமிழ்.
திட்டிக்கொண்டது சௌராஷ்டிரத்தில்.
வக்கீல் நோட்டீஸ் தமிழில்.
அதற்கப்புறம் நான் சொல்ல நினைத்தது
சுவருக்கு எந்தப் பக்கத்து மொழி?

அவன் மனைவி கனகாபாயிடம் ஒருமுறை சொல்லியனுப்பினேன்:
ரேஷன் கார்டு இங்கே இருக்கிறது என்றும்
இன்னொன்றும்.
ரேஷன் கார்டு போய்ச் சேர்ந்தது.

முப்பத்திரண்டை இருபத்திரண்டாக்கி
மறுபடி பார் என்றேன்.
பிரிண்டர் கரகரவென்று பிடித்துக்கொண்டது,
ஆயிரத்து நூறு பேருக்கு.
மூன்று நாற்பது.

கண் எரிகிறது. ஆனாலும்
இன்னும் ஒன்றைக் கேட்டு வைக்கலாமென்று
ரிட்டர்ன் ஆணையின் விவரத்தைத் திறந்தேன்.
எத்தனையோ தரம் நிரலின் கடைசி வரியில் எழுதியதுதான்,
இத்தனை நாள் கேட்டதில்லை.

எங்கே ஓடலாம்:
எல்லாச் சூழல்களிலும்.

இன்னும் அடிக்கவில்லை.
கர்சர் துடிக்கிறது.
நிறைந்த தூக்கைக் கொட்டப் போயிருக்கிறார்
ஜெகஜோதி. சொட்டு
வெறும் தரையில் விழுகிறது.